அரசின் மேசையில் நம் வழக்குரைஞர்: தர்குட் மார்ஷல் வாழ்விலிருந்து சில கேள்விகள்

மக்கள் வழக்குகளை நடத்தி வந்த ஒருவர் அரசு வழக்குரைஞராகப் பொறுப்பேற்கும் செய்தி வரும்போதெல்லாம் நம்மிடையே இரு குரல்கள் எழுகின்றன. ‘நம்மவர் ஒருவர் உள்ளே போயிருக்கிறார், இனிக் கதவு திறக்கும்’ என்பது ஒன்று. ‘அரசு அவரை விலைக்கு வாங்கிவிட்டது’ என்பது மற்றொன்று. இரண்டும் அந்த மனிதரைப் பற்றிய தீர்ப்புகள். அவர் ஏறி அமரும் இருக்கை எத்தகையது, அங்கிருந்து அவர் யாருக்காகப் பேசக் கடமைப்பட்டவர், எதைச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு, எதைச் செய்ய இயலாது ஆகிய கேள்விகளை இவ்விரு குரல்களும் எழுப்புவதில்லை.

நமக்கு இது வெறும் விவாதப் பொருளன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடக்கும் ஒவ்வொரு வழக்கும் நீதிமன்றத்தில் அரசின் வழக்காகவே நடக்கிறது. அடிபட்டவர் நம் ஊரார். வழக்கை நடத்துபவர் அரசு வழக்குரைஞர். அந்த இருக்கையில் யார் அமர்கிறார் என்பதைப் பொறுத்தே சாட்சிகள் துணிவுடன் நிற்பதும் பிறழ்வதும் பல நேரங்களில் அமைகின்றன.

இதைத் தெளிவாக விளங்கிக்கொள்ள, அமெரிக்கக் கறுப்பின மக்களின் வழக்குரைஞராக கால் நூற்றாண்டு போராடி, பின் அதே நாட்டு அரசின் தலைமை வழக்காடுநராக அமர்ந்த தர்குட் மார்ஷலின் வாழ்வை எடுத்துக்கொள்கிறோம். பள்ளிகளில் நிறப் பிரிவினையைத் தகர்த்த பிரவுன் வழக்கின் நாயகராகவும், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியாகவும் அவரைப் பலர் அறிவர். இடையில் அவர் அரசுக்காக வாதாடிய 2 ஆண்டுகள் அதிகம் பேசப்படுவதில்லை. நம் கேள்விக்கான விடை அந்த 2 ஆண்டுகளில்தான் இருக்கிறது.

மூடிய கதவும் முதல் வழக்கும்

மார்ஷல் 1908 ஜூலை 2 அன்று மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் பிறந்தார். தாய் பள்ளி ஆசிரியை. தந்தை தொடர்வண்டியில் பணியாளராக இருந்தவர். கொள்ளுத் தாத்தா அடிமையாக வாழ்ந்தவர். சட்டம் பயில விரும்பிய மார்ஷலுக்குச் சொந்த ஊரில் இருந்த மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவு மூடியிருந்தது. கறுப்பின மாணவரை அது சேர்ப்பதில்லை. எனவே வாஷிங்டனில் கறுப்பின மக்களுக்கென இருந்த ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். கட்டணம் செலுத்தத் தாய் தம் திருமண மோதிரங்களை அடகு வைத்தார். 1933இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார்.

ஹோவர்டில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். சமூகத்தைச் செப்பனிடும் பொறியாளனாக இல்லாத வழக்கறிஞன் சமூகத்தை உறிஞ்சி வாழ்பவனே என்பது அவருடைய கொள்கை. ஆசானும் மாணவரும் சேர்ந்து எடுத்த தொடக்க வழக்குகளில் ஒன்று, மார்ஷலுக்குக் கதவை மூடிய அதே மேரிலாந்து சட்டக் கல்லூரியின் மீதானது. டொனால்டு மர்ரி என்ற கறுப்பின மாணவரைச் சேர்க்க வேண்டும் என்று 1935இல் பால்டிமோர் நீதிமன்றம் ஆணையிட்டது. 1936 ஜனவரியில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அதே ஆண்டு என்.ஏ.ஏ.சி.பி. என்னும் கறுப்பின மக்கள் உரிமை அமைப்பில் முழுநேர வழக்குரைஞராகச் சேர்ந்தார். 1940இல் அவ்வமைப்பின் சட்டப் பாதுகாப்பு நிதியம் தொடங்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பேற்று, 1961 வரை நடத்தினார். அக்காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய 32 வழக்குகளில் 29இல் வென்றார். கறுப்பின மக்களை வேட்பாளர் தேர்வு வாக்கெடுப்பிலிருந்து விலக்கிய டெக்சாஸ் நடைமுறை 1944இல் வீழ்ந்தது. கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றம் செயற்படுத்தலாகாது என்ற தீர்ப்பு 1948இல் வந்தது. 1950இல் டெக்சாஸ் சட்டக் கல்லூரியின் கதவு திறந்தது. 1954 மே 17 அன்று, பிரித்து வைக்கும் பள்ளி சமமான பள்ளியாக இருக்கவே முடியாது என 9 நீதிபதிகளும் ஒருமித்துக் கூறினர்.

இவ்வழக்குகளில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டின் வீட்டு வழக்குகளில் அமெரிக்க அரசு தானே முன்வந்து கறுப்பின மக்கள் பக்கம் வாதிட்டது. வாதிட்டவர் அரசின் சொலிசிட்டர் ஜெனரல். பிரவுன் வழக்கிலும் 1952 டிசம்பரில் அரசு ஓர் எழுத்துரையை அளித்து, நிறப் பிரிவினைக்கு எதிராக நின்றது. மறுபுறம், பிரவுன் வழக்குகளில் தென் கரோலைனா மாநிலத்துக்காக மார்ஷலை எதிர்த்து வாதாடிய ஜான் டேவிஸ் ஒரு காலத்தில் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்தவர். அந்த மேசையிலிருந்து எழும் குரலுக்கு நீதிமன்றத்தில் என்ன எடை என்பதை மார்ஷல் வெளியிலிருந்தே நன்கு அறிந்திருந்தார்.

கொட்டடியில் பெற்ற வாக்குமூலங்கள்

மார்ஷலின் பணியில் பெரும் பகுதி உச்ச நீதிமன்றத்துக்கு வெளியே, தென் மாநிலச் சிற்றூர்களின் விசாரணை நீதிமன்றங்களில் கழிந்தது. அங்கே அவர் மீண்டும் மீண்டும் எதிர்கொண்டது காவல் துறை அடித்துப் பெற்ற வாக்குமூலம்.

1941இல் ஓக்லஹோமா மாநிலத்தில் டபிள்யூ.டி. லயன்ஸ் என்ற இளம் கறுப்பினக் கூலித் தொழிலாளிக்காக வாதாடச் சென்றார். ஒரு வெள்ளையினக் குடும்பத்தைக் கொன்று வீட்டுக்குத் தீயிட்டார் என்பது குற்றச்சாட்டு. லயன்சை அடித்து, உறங்கவிடாமல் வைத்து, இறந்தவர்களின் எலும்புகளைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்து வாக்குமூலம் பெற்றிருந்தனர். அதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் சில மணி நேரம் கழித்து வேறோர் இடத்தில் பெற்ற இரண்டாவது வாக்குமூலம் ஏற்கப்பட்டது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மார்ஷல் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1944இல் பெரும்பான்மை நீதிபதிகள் அத்தண்டனையை உறுதி செய்தனர். அவர் தோற்ற மிகச் சில வழக்குகளில் அது ஒன்று.

1946 நவம்பரில் டென்னசி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கறுப்பின மக்கள் மீதான வழக்கொன்றை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில், குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பொய்க் குற்றம் சாட்டி அவரைப் போலீசார் பிடித்தனர். அவரை ஏற்றிய வண்டி ஊரை விட்டு ஆற்றங்கரை நோக்கித் திரும்பியது. உடன் வந்த வழக்குரைஞர்கள் விடாமல் பின்தொடர்ந்ததால் வண்டி மீண்டும் ஊருக்குள் வந்தது. நீதிபதி முன் நிறுத்தப்பட்டபோது அவர் குடிக்கவில்லை என்பது தெளிவாகி விடுவிக்கப்பட்டார். அன்று ஆற்றங்கரையில் என்ன காத்திருந்தது என்பதைத் தென் மாநிலக் கும்பல் கொலைகளின் வரலாறு அறிந்த எவரும் ஊகிப்பர்.

போலீஸ் வண்டியின் பின்னிருக்கையையும் கொட்டடி வாக்குமூலத்தையும் உடலால் அறிந்த ஒருவர்தான் பின்னாளில் அரசின் மேசையில் அமர்ந்தார். இதை மனத்தில் நிறுத்தினால்தான் அடுத்து வருவதன் கனம் புரியும்.

சொலிசிட்டர் ஜெனரல் என்னும் இருக்கை

1961இல் குடியரசுத் தலைவர் கென்னடி மார்ஷலை மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். தென் மாநிலச் செனட் உறுப்பினர்கள் இழுத்தடித்ததால் 1962 செப்டம்பரில்தான் ஒப்புதல் கிடைத்தது. அது வாழ்நாள் பதவி. குடியரசுத் தலைவர் தம் விருப்பப்படி நீக்க முடியாது. 1965 ஜூலையில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அவரைச் சொலிசிட்டர் ஜெனரலாக வருமாறு அழைத்தார். ஊதியம் குறைவு. குடியரசுத் தலைவர் விரும்பும்வரை மட்டுமே நீடிக்கும் பதவி. மார்ஷல் நீதிபதிப் பதவியைத் துறந்து அதை ஏற்றார். 1870இல் உருவாக்கப்பட்ட அந்தப் பதவியில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

அமெரிக்க அரசு ஒரு தரப்பாக இருக்கும் வழக்குகளை உச்ச நீதிமன்றத்தில் நடத்துபவர் சொலிசிட்டர் ஜெனரல். ஆனால் வாதாடுவது அவர் பணியின் ஒரு பகுதி மட்டுமே. கீழ் நீதிமன்றங்களில் அரசு தோற்ற வழக்குகளில் எதை மேலே கொண்டு செல்வது, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்பவர் அவர். அரசு தரப்பாக இல்லாத வழக்கிலும் நீதிமன்றத்துக்கு உதவும் நண்பராக நுழைந்து அரசின் கருத்தைச் சொல்லலாம். அரசுக்குச் சாதகமான தீர்ப்பு தவறு என்று தாமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளவும் அவருக்கு வழியுண்டு. 9 நீதிபதிகள் கொண்ட நீதிமன்றத்தில் அவரைப் ‘பத்தாவது நீதிபதி’ என்று வழக்குரைஞர்கள் சொல்வது இதனால்தான்.

இத்தனை அதிகாரத்துக்கும் ஒரு கட்டு உண்டு. அவருடைய கட்சிக்காரர் அரசு. இயக்கத்தில் இருந்தபோது எந்த வழக்கை எடுப்பது என்பதை மார்ஷலும் அவர் தோழர்களும் தீர்மானித்தனர். இங்கே வழக்குகள் அவரைத் தேடி வந்தன. அவற்றில் பல அவர் தேர்ந்திருக்கக்கூடியவையல்ல.

அந்த மேசை வென்றவை

மார்ஷல் பொறுப்பேற்ற அதே 1965 ஆகஸ்டில், 6ஆம் நாள், வாக்குரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தெருவில் அடி வாங்கிப் பெற்ற சட்டம் அது. நீதிமன்றத்தில் அதைக் காக்கும் பொறுப்பு இப்போது அரசின் வழக்குரைஞருடையது.

முதலாவது, வாக்குவரி வழக்கு. வர்ஜீனியா மாநிலத்தில் வாக்களிக்க ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. ஏழைகளையும், அவர்களில் பெரும்பாலான கறுப்பின மக்களையும் வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்திய வரி அது. வரியை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்கள் குடிமக்கள். அரசின் சார்பில் மார்ஷல் நுழைந்து அவர்கள் பக்கம் வாதிட்டார். 1966 மார்ச்சில் அவ்வரி செல்லாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது, மிசிசிப்பிக் கொலை வழக்கு. 1964 ஜூன் 21 அன்று நெஷோபா மாவட்டத்தில் வாக்குரிமை இயக்கத்தின் 3 இளைஞர்கள் கொல்லப்பட்டனர். ஜேம்ஸ் சேனி கறுப்பினத்தவர். ஆண்ட்ரூ குட்மேனும் மைக்கேல் ஷ்வெர்னரும் வெள்ளையினத்தவர். அவர்களைப் பிடித்துச் சிறையில் வைத்து, இரவில் விடுவித்து, மீண்டும் வழிமறித்துக் கொலைக் கும்பலிடம் ஒப்படைத்தவர் துணை ஷெரிப் ஒருவர். அன்றைய மிசிசிப்பி மாநில அரசு எவர் மீதும் கொலை வழக்குத் தொடுக்கவில்லை. எனவே நடுவண் அரசு, அடிமை முறை ஒழிந்த காலத்தில் இயற்றப்பட்ட பழைய உரிமைச் சட்டங்களைத் தேடியெடுத்து, குடிமக்களின் உரிமையைப் பறிக்கச் சதி செய்ததாக 18 பேர் மீது வழக்குத் தொடுத்தது. கீழ் நீதிமன்ற நீதிபதி பெரும்பாலான குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தார். மார்ஷலின் அலுவலகம் இதை உச்ச நீதிமன்றத்தில் நடத்தியது. 1966 மார்ச் 28 அன்று நீதிபதிகள் ஒருமனதாகக் குற்றச்சாட்டுகளை மீட்டனர். 1967 அக்டோபரில், முழுவதும் வெள்ளையினத்தவர் அமர்ந்த ஜூரி 7 பேரைக் குற்றவாளிகள் என்றது. 3 முதல் 10 ஆண்டுகள்வரை தண்டனை. மூன்று உயிர்களுக்கு ஈடாகாத தண்டனைதான். ஆயினும் அரசு மேல்முறையீடு செய்யாதிருந்தால் அதுவும் இருந்திருக்காது.

மூன்றாவது, வாக்குரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவு பற்றிய வழக்கு. புவேர்ட்டோ ரிக்கோவில் ஸ்பானிய மொழியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு, ஆங்கிலம் படிக்கத் தெரியவில்லை என்று சொல்லி நியூயார்க்கில் வாக்குரிமை மறுக்கக் கூடாது என்றது அப்பிரிவு. மார்ஷல் அதைக் காத்து வாதாடினார். 1966 ஜூன் 13 அன்று வென்றார்.

அந்த மேசை கேட்ட விலை

அதே 1966 ஜூன் 13 அன்று அதே நீதிமன்றத்தில் மற்றொரு தீர்ப்பும் வந்தது. கைதானவரிடம் விசாரணைக்கு முன், ‘நீங்கள் பேசாமல் இருக்கலாம், பேசினால் அது உங்களுக்கு எதிராகப் பயன்படலாம், வழக்குரைஞரை உடன் வைத்துக்கொள்ளலாம், வசதியில்லை என்றால் அரசே அமர்த்தித் தரும்’ என்று காவல் துறை சொல்லியாக வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்புதான் அது. நம் ஊர்த் திரைப்பட ரசிகர்கள்கூட ஆங்கிலப் படங்களில் இந்த வாசகங்களைக் கேட்டிருப்பர்.

மிராண்டா என்பது 4 வழக்குகளின் தொகுப்பு. அவற்றுள் வெஸ்டோவர் வழக்கு அமெரிக்க நடுவண் அரசுக்கு எதிரானது. கன்சாஸ் சிட்டி போலீசார் ஒருவரைப் பிடித்து, இரவும் மறுநாள் காலையும் விசாரித்தபின் எஃப்.பி.ஐ.யிடம் ஒப்படைத்தனர். எஃப்.பி.ஐ. எச்சரிக்கை வாசகத்தைச் சொல்லி வாக்குமூலம் பெற்றது. அந்த வாக்குமூலம் செல்லும் என்று அரசுக்காக வாதாடியவர் தர்குட் மார்ஷல். வசதியற்ற ஒவ்வொரு கைதிக்கும் விசாரணை நேரத்திலேயே அரசு வழக்குரைஞரை அமர்த்தித் தர வேண்டும் என அரசமைப்புச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது அவர் முன்வைத்த வாதம்.

லயன்சின் மடியில் எலும்புகளை வைத்து வாங்கிய வாக்குமூலத்தை எதிர்த்து நின்ற அதே மனிதர். 22 ஆண்டுகள் கழித்து, இம்முறை மேசையின் மறுபக்கம்.

நீதிமன்றம் 5க்கு 4 என்ற எண்ணிக்கையில் அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மார்ஷல் தோற்றார். ஆனால் அத்தோல்விக்குள் ஒரு செய்தி இருக்கிறது. எஃப்.பி.ஐ. நடைமுறையில் எத்தகைய எச்சரிக்கைகளைத் தருகிறது என்று விசாரணையின்போது நீதிபதிகள் கேட்டனர். சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகம் அதை எழுத்து மூலம் விளக்கியது. தலைமை நீதிபதி வாரன் அந்தக் கடிதத்தையே தம் தீர்ப்பில் சான்றாக்கினார். நடுவண் புலனாய்வு அமைப்பே எச்சரிக்கை சொல்லிவிட்டுத் திறம்பட இயங்கும்போது, எச்சரிக்கை சொன்னால் குற்றங்களைத் துப்புத் துலக்க முடியாது என்ற வாதம் எப்படி நிற்கும் என்பது தீர்ப்பின் தருக்கம். அரசின் வழக்குரைஞர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அது அரசின் வாதத்தையே தளர்த்தியது.

பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான மார்ஷல் மிராண்டா தீர்ப்பின் உறுதியான காவலர்களில் ஒருவராக நின்றார். பொதுமக்கள் பாதுகாப்பின் பெயரால் அதற்கு விலக்கு அளித்த 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பில் மாறுபட்டுத் தனித் தீர்ப்பு எழுதினார். அரசின் மேசையிலிருந்து பேசிய சொற்கள் கட்சிக்காரரின் சொற்கள். நீதிபதி இருக்கையில் எழுதியவை அவருடைய சொற்கள். இதை நயவஞ்சகம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்லிக் கடந்துவிட்டால் இருக்கையைப் பற்றி நாம் எதையும் கற்க மாட்டோம்.

தவற்றை ஒப்புக்கொள்ளும் அதிகாரம்

1966இல் நடந்த மற்றொரு நிகழ்வும் குறிப்பிடத்தக்கது. ஃபிரெட் பிளாக் என்பவர் வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை பெற்றிருந்தார். அவருடைய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்துவிட்டது. அரசு முழுமையாக வென்ற வழக்கு. அதன்பின் மார்ஷல் நீதிமன்றத்துக்கு ஒரு குறிப்பை அளித்தார். எஃப்.பி.ஐ. அந்த மனிதர் தங்கியிருந்த விடுதி அறையில் ஒட்டுக் கேட்கும் கருவியை வைத்திருந்தது என்றும், அவர் தம் வழக்குரைஞருடன் பேசியதும் அதில் பதிவானது என்றும் அக்குறிப்பு தெரிவித்தது. எதிர்த்தரப்புக்குத் தெரியாத உண்மை அது. சொல்லாதிருந்தால் வழக்கு அத்துடன் முடிந்திருக்கும். சொன்னதால் தண்டனை நீக்கப்பட்டு மறு விசாரணைக்கு ஆணையிடப்பட்டது.

இயக்க வழக்குரைஞருக்கு இல்லாத ஓர் அதிகாரம் இது. வெளியே நிற்பவர் அரசின் பொய்யை அம்பலப்படுத்த ஆண்டுக்கணக்கில் ஆவணங்களைத் தேட வேண்டும். உள்ளே அமர்ந்தவர் கோப்பைத் திறந்து நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். வைக்க மனம் வேண்டும்.

சொலிசிட்டர் ஜெனரலாக மார்ஷல் வாதாடிய 19 வழக்குகளில் 14இல் வென்றார். 1967 ஜூன் 13 அன்று, மிராண்டா தீர்ப்பு வந்து சரியாக ஓராண்டில், ஜான்சன் அவரை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார். செனட்டில் 69 பேர் ஆதரித்தனர், 11 பேர் எதிர்த்தனர். 1991 வரை அப்பதவியில் இருந்தார். 1993இல் மறைந்தார்.

அவர்மீது எழுந்த விமர்சனங்களையும் மறைக்க வேண்டியதில்லை. தெருப் போராட்டத்தை அவர் பல நேரம் ஐயத்துடன் பார்த்தார். கறுப்பு அதிகாரம் பேசிய இளைய தலைமுறை அவரை அரசின் ஆளாகக் கண்டது. 1950களில் இயக்கத்துக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் குறித்து அவர் எஃப்.பி.ஐ.யுடன் தொடர்பு வைத்திருந்தார் என்பது அவர் மறைவுக்குப் பின் வெளியான கோப்புகளில் தெரிய வந்தது. ஒருவரின் வெற்றிகளுக்காக இவற்றைத் தள்ளிவிடவும், இவற்றுக்காக வெற்றிகளைத் தள்ளிவிடவும் நாம் தயாராக இல்லை.

நம் நீதிமன்றங்களில் அந்த இருக்கை

ஒடுக்கப்பட்டோரின் வழக்குரைஞர் அரசின் இருக்கையில் அமர்வது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. மகாத் குளத்தின் நீருரிமைக்காக நீதிமன்றத்தில் போராடிய அண்ணல் அம்பேத்கர் 1947இல் நாட்டின் முதல் சட்ட அமைச்சரானார். 1951 செப்டம்பரில் பதவி விலகினார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதையும் பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்பட்டதையும் காரணங்களாக எழுதி வைத்தார். ஆந்திர உயர் நீதிமன்றத்தில் அரசு வழக்குரைஞராக இருந்த பொஜ்ஜா தாரகம், 1985 காரம்சேடு படுகொலைக்குப் பின் அப்பதவியைத் துறந்து மக்களிடம் சென்றார். இருக்கையில் அமர்வதைப் போலவே எழுந்து வருவதும் ஓர் அரசியல் செயல் என்பதை இவ்விருவரும் காட்டினர்.

இன்று நம்மிடம் வழங்கப்படும் இருக்கை பெரும்பாலும் சிறப்பு அரசு வழக்குரைஞர் பதவி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, சிறப்பு நீதிமன்றத்துக்கு 7 ஆண்டுகளுக்குக் குறையாத தொழில் அனுபவம் உள்ளவரை அரசு நியமிக்க வேண்டும். 1995ஆம் ஆண்டு விதிகளில் 4(5) என்னும் விதி இதைவிட முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் விரும்பினால், தேர்ந்த மூத்த வழக்குரைஞர் ஒருவரை அரசின் செலவில் அமர்த்த மாவட்ட ஆட்சியருக்கு அது அதிகாரம் தருகிறது. அதாவது, அரசின் மேசையில் யார் அமர வேண்டும் என்று கேட்கும் வாய்ப்பைச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கே அளித்திருக்கிறது. இந்த விதி இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

இது ஏன் இத்தனை முக்கியம்? பாதிக்கப்பட்டவர் தனியே வழக்குரைஞர் வைத்துக்கொண்டாலும், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 301ஆம் பிரிவும், இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 338ஆம் பிரிவும், அவர் அரசு வழக்குரைஞரின் வழிகாட்டலில்தான் இயங்க வேண்டும் என்கின்றன. சாட்சியை விசாரிப்பவர் அரசு வழக்குரைஞரே. சிறப்பு நீதிமன்றங்களில் பாதிக்கப்பட்டோர் தரப்பில் நிற்கும் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. கூண்டில் ஏறும் காலையில்தான் சாட்சி தன் தரப்பு அரசு வழக்குரைஞரின் முகத்தை முதன்முறையாகப் பார்க்கிறார். எதிர்த்தரப்பு வழக்குரைஞரோ ஊரில் பலரையும் பேர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகியிருப்பார். அந்தச் சாட்சி பிறழ்ந்தால் பழி அவர்மீதே விழுகிறது.

இருக்கை மாறினால் என்ன நடக்கும் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கு சான்று. 2015 ஜூனில் அந்தத் தலித் இளைஞர் சாதி வெறியால் கொல்லப்பட்டார். அவருடைய தாயின் விடாப்பிடியான போராட்டத்தால் விசாரணை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. மனித உரிமை வழக்குகளில் அறியப்பட்ட ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்குரைஞரானார். முக்கியச் சாட்சி பிறழ்ந்தபின்னும் கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் உள்ளிட்ட சான்றுகளைக் கொண்டு வழக்கு நடத்தப்பட்டது. 2022 மார்ச்சில் 10 பேர் தண்டிக்கப்பட்டனர். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது.

ஆனால் சிறப்பு அரசு வழக்குரைஞரும் அரசின் வழக்குரைஞரே. தண்டனை வாங்கித் தருவதே தன் வேலை என்று அவர் நடக்க முடியாது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணம் கோப்பில் இருந்தால் அதை மறைக்கக் கூடாது. மார்ஷல் ஒட்டுக் கேட்புக் கருவியைப் பற்றிச் சொன்னதுபோல் சொல்லியாக வேண்டும். ‘நம் வழக்குரைஞர்’ என்ற சொல் இக்கடமையிலிருந்து அவரை விடுவிக்காது. விடுவித்தால் அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டில் நிற்கவும் நிற்காது.

அமர்வதற்கு முன் கேட்க வேண்டியவை

இப்பதவி தேடி வரும்போது நம் இளம் வழக்குரைஞர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் சில உள. இந்த நியமனம் பாதிக்கப்பட்டவர்களின் கோரிக்கையால் வந்ததா, ஆளுங்கட்சியின் கணக்கால் வந்ததா? ஒரு வழக்குக்கான பொறுப்பா, அரசின் எல்லா வழக்குகளையும் தாங்கும் பொறுப்பா? நாளை நம் மக்களுக்கு எதிராகவே வாதாட நேரும் வழக்கு வந்தால், அதிலிருந்து விலகிக்கொள்ள இடமுண்டா? இடமில்லையெனில் எந்தக் கட்டத்தில் எழுந்து வருவோம்?

வெளியே இருக்கும் நமக்கும் கேள்விகள் உண்டு. அவரை அங்கே அனுப்பிவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோமா? மார்ஷலின் மேசைக்கு வாக்குரிமைச் சட்டம் வந்தது தெருவில் நடந்தவர்களால். நம் சட்டத்தின் 15அ பிரிவு, பிணை முதல் தண்டனை வரையான ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவர் தம் கருத்தைச் சொல்ல உரிமை தருகிறது. பிணை மனு வந்தால் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்புத் தருவது கட்டாயம் என 2021இல் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியது. நல்ல அரசு வழக்குரைஞர் அமர்ந்திருக்கிறார் என்பதற்காக அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது.

அடுத்த முறை ஓர் ஊரில் வன்கொடுமை நிகழ்ந்து முதல் தகவல் அறிக்கை பதிவானதும், நாம் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் இதையும் சேர்ப்போம்: 4(5) விதியின்கீழ் நாம் விரும்பும் வழக்குரைஞரின் பெயரை எழுதி மாவட்ட ஆட்சியரிடம் மனு அளித்து, ஒப்புகை பெறுதல். அந்த இருக்கை காலியாகக் கிடக்கும்வரை அதில் யாரோ ஒருவர் அமர்வார்.